மணவாளனை எதிர்கொள்ளல்: பீர்மேட்டிலிருந்து ஒரு வாசிப்பு

சென்ற மழைக்காலத்தின் இறுதியில் களப்பணிக்காகப் பீர்மேட்டு வட்டத்தில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். அப்போது தேயிலைத் தோட்டக் குடியிருப்பு ஒன்றில் நடைபெற்ற இரவுக் கூட்டத்திற்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டியது. தமிழும் மலையாளமும் மாறி மாறி ஒலித்த அந்த மேடையின் பின்புறம் ஒரு துணிப்படம் கட்டப்பட்டிருந்தது. இடப்பக்கத்தில் நிச்சயதார்த்தம், நடுவில் நள்ளிரவு, அங்கிருந்து மேல்நோக்கி ஓர் அம்பு. அம்பின் முனையில் ஏழாண்டுக் கலியாண விருந்து. அதற்கு நேர் கீழே, பூமியில், ஏழாண்டு உபத்திரவம். 'மணவாட்டி சபை' மேலே போகும். ஏனையோர் கீழே நிற்பர். அன்றைய செய்தியின் சாரம் இதுதான்.

மறுநாள் அதே குடியிருப்பில் ஒரு வீட்டிற்குச் சென்றேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்ந்த மூதாட்டி ஒருவரின் வீடு. லயத்துக் கூரையில் ஓட்டை. ஒழுகும் நீரைப் பிடிக்கக் கீழே ஒரு பாத்திரம். அவருக்குச் சேர வேண்டிய பணிக்கொடை வந்து சேரவில்லை. உடன் வேலை செய்தவர்கள் சேர்ந்து மனுக் கொடுக்க முனைந்திருந்தார்கள். மூதாட்டியின் சார்பில் அலைய வேண்டிய மகனோ அதில் சேர மறுத்துவிட்டார். வருகை வாசலில் நிற்கையில் வழக்கு எதற்கு என்பது அவர் கேள்வி. அவர் சோம்பேறி அல்லர், ஏமாளியும் அல்லர். நேற்றிரவு கேட்டதை மெய்யென்று நம்பி, அதற்கேற்ப நடப்பவர். அக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை. இப்பதிவு அதற்கு நான் தேடிய மறுமொழி.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். புதிய ஏற்பாட்டின் இறுதிக்காலத் திருமண உருவகம், சிறு கூட்டம் ஒன்று உலகை விட்டுத் தப்பிச் செல்வதைப் பற்றியது அன்று. வருகின்ற ஒருவரை எதிர்கொண்டு, நாம் வாழும் இடத்திற்கே அவரை அழைத்து வருவதைப் பற்றியது. துணிப்படத்தில் அம்பு வரையப்பட்ட திசையே பிழை.

முதலில் அந்தப் படத்தின் அடித்தளத்தை ஆராய்வோம். 'கலிலேயத் திருமணம்' என்ற பெயரில் இன்று பரவலாகப் போதிக்கப்படும் விளக்கம் ஏறத்தாழ இவ்வாறு அமையும்: நிச்சயம் முடிந்ததும் மணமகன் தந்தையின் வீட்டில் அறை கட்டப் போவான், திருமண நாள் தந்தைக்கு மட்டுமே தெரியும், ஒரு நள்ளிரவில் எக்காளம் முழங்க வந்து மணமகளைத் தூக்கிச் செல்வான், ஏழு நாள் கதவடைத்து விருந்து நடக்கும். 2020இல் வெளிவந்த 'பிஃபோர் தி ராத்' என்னும் ஆவணப்படம் இவ்விளக்கத்தை உலகெங்கும் கொண்டு சென்றது. தமிழ்ப் போதகர்களின் காணொளிகளிலும் இதுவே மீண்டும் மீண்டும் வருகிறது.

இதற்குச் சான்று எங்கே? பண்டைய யூதத் திருமண வழக்கத்தை அறிய நமக்குள்ள முதன்மையான நூல்களுள் ஒன்று, கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா. அதில் திருமண ஒப்பந்தங்களைப் பற்றிய 'கெத்துபோத்' என்னும் பகுதியின் முதல் விதியே கன்னியின் திருமணம் புதன்கிழமையிலும் கைம்பெண்ணின் திருமணம் வியாழக்கிழமையிலும் நிகழவேண்டும் என்று கிழமை குறிக்கிறது. அதே பகுதியின் ஐந்தாம் அதிகாரம், கணவன் திருமணத்திற்குக் கேட்ட நாளிலிருந்து தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்ளக் கன்னிக்குப் பன்னிரண்டு மாத அவகாசம் தருகிறது. கலிலேய வழக்கத்தையும் யூதேய வழக்கத்தையும் சில இடங்களில் அந்நூல் வேறுபடுத்திக் காட்டவும் செய்கிறது. ஆயினும் மணமகளுக்கு நாள் தெரியாத நள்ளிரவுத் திருமணம் என்ற செய்தி அதில் இல்லை. இது வியப்புக்குரியதும் அன்று. விருந்துக்கு ஆடு அடிக்க வேண்டும், உறவினரை அழைக்க வேண்டும். நம் சபைகளில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து ஊரறியச் செய்வதைப் போல, எந்தச் சமூகத்திலும் திருமணம் நாள் குறித்தே நடக்கும்.

ஆக, இந்தக் 'கலிலேயத் திருமணம்' பெரும்பகுதி சுவிசேஷ வசனங்களிலிருந்தே உருவாக்கப்பட்டது. தந்தைக்கு மட்டுமே நாள் தெரியும் என்ற கருத்தை மத்தேயு 24இலிருந்தும், நள்ளிரவை மத்தேயு 25இலிருந்தும், தந்தையின் வீட்டு அறைகளை யோவான் 14இலிருந்தும், எக்காளத்தை 1 தெசலோனிக்கேயர் 4இலிருந்தும் எடுத்து ஒரு திருமணத்தைக் கட்டமைக்கிறார்கள். பின்னர் அத்திருமணத்தைக் கொண்டே அவ்வசனங்களை விளக்குகிறார்கள். ஆய்வு முறையியல் படிக்கும் மாணவர்கள் வட்டத் தருக்கத்திற்கு எடுத்துக்காட்டுத் தேடினால் இதைவிடச் சிறந்ததொன்று கிடைப்பது அரிது.

இனி மூலத்திற்கு வருவோம். மத்தேயு 25இன் பத்துக் கன்னிகைகள் உவமையில் ஒரு வியப்பு உண்டு. பெரும்பான்மைப் படிகளில் அங்கே மணமகளே இல்லை. பெசா கையெழுத்துப் படி போன்ற சில சாட்சிகள் மட்டுமே முதல் வசனத்தில் 'மணவாட்டி'யைச் சேர்க்கின்றன. கன்னிகைகள் மணமகளின் உருவம் அல்லர். மணமகனை வரவேற்கத் தீப்பந்தம் ஏந்திச் செல்லும் தோழியர். கிரேக்கத்தில் உள்ள 'லம்பாஸ்' என்னும் சொல்லைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'தீவட்டி' என்றே பெயர்த்தது. அது நன்று. மேசை விளக்கு அன்று அது. தெருவில் ஊர்வலத்தின் முன்னே போகும் ஒளி.

அதே மொழிபெயர்ப்பு இன்னொரு பேருதவியும் செய்திருக்கிறது. 'அபாந்தேசிஸ்' என்னும் கிரேக்கச் சொல் மத்தேயு 25:6, அப்போஸ்தலர் 28:15, 1 தெசலோனிக்கேயர் 4:17 ஆகிய மூன்றிடங்களில் வருகிறது. மூன்றிடத்தும் தமிழில் 'எதிர்கொண்டு' என்ற ஒரே சொல்லே ஆளப்பட்டுள்ளது. அப்போஸ்தலர் 28இல், பவுல் வருவதைக் கேள்வியுற்ற உரோமைச் சகோதரர்கள் அப்பியு சந்தை வரையிலும் மூன்று சத்திரம் வரையிலும் வந்து அவரை எதிர்கொள்கிறார்கள். பின் எங்கே போனார்கள்? பவுல் வந்த வழியே அவரோடு திரும்பிப் போகவில்லை. அவரை அழைத்துக்கொண்டு உரோமைக்குள் நுழைந்தார்கள். மத்தேயுவின் கன்னிகைகளும் அவ்வாறே புறப்பட்டுச் சென்று, மணவாளனோடு விருந்து வீட்டுக்குள் வருகிறார்கள். அங்ஙனமாயின், தெசலோனிக்கேயரில் மட்டும் எதிர்கொண்டவர்கள் வந்தவரோடு வேறெங்கோ போய்விடுகிறார்கள் என்று படிப்பதற்குக் காரணம் என்ன?

நகரத்துக்கு வரும் மன்னனையோ ஆளுநனையோ குடிமக்கள் வாயிலுக்கு வெளியே சென்று வரவேற்கும் முறையையே இச்சொல் குறிக்கிறது என 1930இல் எரிக் பீட்டர்சன் வாதிட்டார். இச்சொல்லுக்கு அவ்வளவு திட்டவட்டமான கலைச்சொற்பொருள் இல்லையென 1994இல் மைக்கேல் காஸ்பி மறுத்தார். காஸ்பியின் எச்சரிக்கையை நான் ஏற்கிறேன். ஒரு சொல்லின் மேல் ஓர் இறையியலையே ஏற்றிவைக்க இயலாது. ஆயினும் 'எதிர்கொண்டு' என்ற சொல்லைக் கேட்கும் தமிழ்ச் செவிக்கு அதன் திசை தெரியும். கம்பர் பாலகாண்டத்தில் 'எதிர்கொள் படலம்' என்றே ஒரு படலம் அமைத்திருக்கிறார். மகன் திருமணத்திற்கு வரும் தயரதனைச் சனகன் எதிர்சென்று வரவேற்கிறான். அதன்பின் மிதிலை நகருக்குள் திருமணம் நிகழ்கிறது. எதிர்கொண்ட சனகன் மிதிலையைக் கைவிட்டு அயோத்திக்குப் போய்விடவில்லை.

இக்கருத்தை நான் நூலகத்தில் கண்டடைந்தேன் என்று சொன்னால் அது பொய்யாகும். மேலே சொன்ன மூதாட்டியிடம், இரவுக் கூட்டத்தில் கேட்டதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் பாட்டி என்று வினவினேன். அவர் சிரித்தார். "மாப்பிள்ளைய எதுக்கப் போறது எதுக்கு தம்பி? வீட்டுக்குக் கூட்டிட்டு வரத்தானே? போனவங்க அப்படியே மாப்பிள்ளையோட போயிட்டா, இங்க ஆக்கி வச்ச சோத்த யாரு திங்கிறது?" மாப்பிள்ளை அழைப்பைப் பலமுறை கண்ட ஒருவரின் எளிய அறிவு அது. பீட்டர்சனின் கட்டுரையைத் தேடிப் படித்தது அதற்குப் பின்னரே.

இனி வெளிப்படுத்தின விசேஷத்தைக் காண்போம். ஆட்டுக்குட்டியானவரின் கலியாணம் 19ஆம் அதிகாரத்தில் அறிவிக்கப்படுகிறது. ஏழாண்டு விருந்து என்ற பேச்சு அங்கே இல்லை. அந்த ஏழு, தானியேல் 9இன் இறுதி வாரத்திலிருந்து கொண்டுவந்து ஒட்டப்பட்டது. மணவாட்டியின் ஆடை மெல்லிய வஸ்திரம். அந்த வஸ்திரம் எதைக் குறிக்கிறது என்று நூலே சொல்லிவிடுகிறது: பரிசுத்தவான்களின் நீதிச் செயல்கள். 21ஆம் அதிகாரத்தில் மணவாட்டியைக் காட்டுகிறேன் என்று சொல்லும் தூதன் ஒரு நகரத்தைக் காட்டுகிறான். அந்நகரம் மேலே ஏறிச் செல்லவில்லை; இறங்கி வருகிறது. நூலின் கடைசிப் பக்கத்தில் மணவாட்டி வாய் திறந்து சொல்லும் ஒரே சொல் 'வா' என்பது. என்னைக் கொண்டுபோ என்று அவள் கேட்கவில்லை.

இத்திருமணம் எந்தச் சூழலில் அறிவிக்கப்படுகிறது என்பதும் முதன்மையானது. அதற்கு முந்தைய அதிகாரம் பாபிலோனின் வீழ்ச்சி. பாபிலோன் என்ற பெயரில் அங்கே குறிக்கப்படுவது உரோமைப் பேரரசே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அந்நகரில் கொள்வாரற்றுப் போகும் சரக்குகளின் நீண்ட பட்டியல் 18ஆம் அதிகாரத்தில் உண்டு. பொன்னில் தொடங்கி, இலவங்கப்பட்டையும் தூபவர்க்கமும் கடந்து, மனிதருடைய உடல்களிலும் உயிர்களிலும் அப்பட்டியல் முடிகிறது. உழைக்கும் மனிதரையும் சரக்காக எண்ணிய பொருளியல் அது. அந்நகரில் இனி மணவாளன் குரலும் மணவாட்டி குரலும் கேட்கப்படா என்பது அதன்மேல் வந்த தீர்ப்பு. உடனே அடுத்த அதிகாரத்தில் வேறொரு திருமணம். ஆகவே வெளிப்படுத்தலின் மணவாட்டி, பிறர் அழிகையில் தான் மட்டும் தப்பிய பாக்கியவதி அல்லள். மனிதரை விலைபேசும் நகரத்திற்கு மாற்றாக நிறுத்தப்பட்ட வேறொரு நகரம்.

இப்பகுதியைப் பீர்மேட்டில் அமர்ந்து படிப்பவர் அதிராமல் இருக்க இயலாது. ஏலமும் காப்பியும் தேயிலையும் கப்பலேறிய மலைகள் இவை. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளிக் கணவாய் ஏறி, கங்காணிகளின் பின்னே வந்த தமிழ்க் குடும்பங்களின் உழைப்பில் எழுந்த தோட்டங்கள் இவை. அவற்றுள் சில, 2000ஆம் ஆண்டையொட்டி எழுந்த தேயிலை நெருக்கடியில் மூடப்பட்டன. தலைமுறைகளாக உழைத்தவர்கள் கூலியும் பணிக்கொடையும் நிலுவையில் நிற்க, சிதையும் லயங்களில் வாழ்ந்தனர். வெளிப்படுத்தல் 18 யாரைக் குறித்துப் பேசுகிறதோ, அவர்களின் வழித்தோன்றல்களிடமே 19ஆம் அதிகாரத்தை மட்டும் கிழித்தெடுத்துக் கொடுத்து, உரிமை கேட்காதே, காத்திரு என்று சொல்வது எத்துணைப் பெரிய முரண்!

திருமண உருவகத்தை நாட்காட்டியாக்கும் முயற்சி புதிதன்று. அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் இயக்கத்தார் 1844 அக்டோபர் 22ஐ வருகை நாளாகக் குறித்தபோது, பத்துக் கன்னிகைகள் உவமையையே தங்கள் கால அட்டவணையாகக் கொண்டனர். முதலில் குறித்த காலம் பொய்த்தது 'மணவாளன் தாமதித்த' காலம்; புதிய நாளின் அறிவிப்பு 'நள்ளிரவுக் கூக்குரல்'. அந்நாளும் கடந்தபின், கதவு அடைக்கப்பட்டுவிட்டது என்றே சிலர் விளக்கினர். 2025 செப்டம்பர் 23, 24 நாள்களைக் குறித்துத் தென்னாப்பிரிக்கர் ஒருவர் கூறியது சமூக ஊடகங்களில் பரவியதும், அந்நாள்கள் கடந்து போனதும் நம் கண்முன் நடந்தவை.

நம் மண்ணிலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1860இல் திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்தியான் அருளப்பனைச் சுற்றி எழுந்த எழுப்புதல், 1870களில் திருவிதாங்கூருக்குள்ளும் பரவியது. அவ்வலையில் முன்னின்றவர் யுஸ்துஸ் யோசேப்பு. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் 1835இல் பிறந்தவர். புலமையால் 'வித்துவான் குட்டி' என்று அழைக்கப்பட்டவர். 1861இல் குடும்பத்தோடு திருமுழுக்குப் பெற்று, பின்னர் சி.எம்.எஸ். மிஷனில் குருவானவர். பீர்மேட்டுக்கு அருகே பள்ளிக்குன்றில் 1869இல் தேவாலயம் எழக் காரணமான ஹென்றி பேக்கரும் அதே மிஷனைச் சேர்ந்தவர்தான். 1875இல் யுஸ்துஸ் யோசேப்பின் கூட்டத்தார், ஆறாண்டுக்குள், 1881இல், கிறிஸ்து வருவார் என்று அறிவித்தனர். 1881 வந்தது, வானம் திறக்கவில்லை. பலர் பழைய சபைகளுக்குத் திரும்பினர். எஞ்சியோர் யூயோமயம் என்ற புதிய சபையாயினர். 1887இல் அவர் மறைந்தார்.

ஆனால் வரலாறு இத்துடன் முடியவில்லை. யுஸ்துஸ் யோசேப்பு இயற்றிய கீர்த்தனங்கள் மலையாளச் சபைகள் பலவற்றில் இன்றும் பாடப்படுகின்றன. அவர் குறித்த ஆண்டை நினைவில் வைத்திருப்போர் வரலாற்று மாணவர்களே. அவர் பாட்டையோ, அவர் பெயரே அறியாதவரும் பாடுகின்றனர். நாள் குறித்தது பொய்த்தது, ஏக்கம் பொய்க்கவில்லை. உருவகத்தைக் கணக்காக்கினால் அது ஒரு நாளில் செத்துப்போகும். உருவகமாகவே விட்டால் தலைமுறைகளைத் தாங்கும். இதைவிடத் தெளிவான பாடம் வேறென்ன வேண்டும்?

தமிழ்க் கிறித்தவ இலக்கியம் இதைத் தொடக்கத்திலேயே அறிந்திருந்தது என்பது என் துணிபு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1800இல் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியை எண்ணிப் பாருங்கள். தலைவி தேவமோகினி திருச்சபையின் உருவம், தலைவன் கிறிஸ்து, குறத்தி வந்து குறி சொல்கிறாள். மணமும் தீர்க்கதரிசனமும் ஒருங்கே அமைந்த இலக்கியம். ஆயினும் குறத்தியின் குறி நாட்குறிப்பு அன்று. தலைவியின் ஏக்கத்திற்குத் தரும் உறுதி. மேலும், அங்கே மணவாட்டி தனியொருத்தி அல்லள், ஒரு சமூகம். ஆண்டாள் வழிவந்த நாயகி பாவத்தில் ஊறிய நமக்கு, மணவாட்டி என்றதும் தனி ஆன்மாவின் காதல் நினைவுக்கு வருவது இயல்பு. அந்த அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓசியா முதல் வெளிப்படுத்தல் வரை விவிலிய மணவாட்டி பெரும்பாலும் ஒரு மக்கள் கூட்டம், ஒரு நகரம். 'நான் எடுத்துக்கொள்ளப்படுவேனா' என்ற அச்சம் நிறைந்த தனிக்கேள்வி, இவ்வுருவகம் எழுப்பும் கேள்வியே அன்று.

எதிர்வாதங்களை நான் அறியாதவன் அல்லன். முதலாவது, ஒன்றுமில்லாதவர்களுக்கு இருக்கும் ஒரே ஆறுதலையும் ஆய்வாளன் பறிக்கலாமா என்பது. நேர்மையான கேள்வி. ஆறுதலைப் பறிப்பது என் நோக்கமன்று. அவ்வாறுதல் அவர்களது உரிமையைப் பறிக்கும் கருவியாகக் கூடாது என்பதே நான் கேட்பது. இரண்டாவது, இவ்வுருவகத்தையே கைவிடலாமே என்பது. எசேக்கியேல் 16இல் மனைவியாக உருவகிக்கப்பட்ட நகரம் எத்தகைய வன்முறைக்கு உள்ளாகிறது என்பதைப் பெண்ணிய விவிலிய ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். அக்குற்றச்சாட்டுக்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. எனினும், மலைச் சபைகளில் உயிரோடு இருக்கும் ஓர் உருவகத்தை நாம் கைவிட்டால் அது மறைந்துவிடாது. துணிப்படம் வரைபவர்களின் கையில் மட்டும் எஞ்சும்.

மூன்றாவது, உவமையில் ஐவர் வெளியே நிறுத்தப்படுகிறார்களே, அங்கே தீர்ப்பு இல்லையா என்பது. உண்டு. ஆனால் எண்ணெய் எது என்று அறிய உவமைக்கு வெளியே நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. அதே அதிகாரத்தின் இறுதியில் தீர்ப்பு எதைக் கொண்டு நடக்கிறது? பசித்தவனுக்கு உணவு கொடுத்தாயா, அந்நியனைச் சேர்த்துக்கொண்டாயா, காவலில் இருந்தவனைப் பார்க்க வந்தாயா என்பவற்றைக் கொண்டே. நாளைக் கணித்தாயா என்று அங்கே எவரும் கேட்கப்படவில்லை. ஆயத்தம் என்பது வேலை. 19ஆம் அதிகாரத்து மெல்லிய வஸ்திரமும் அதையே சொல்கிறது.

ஆகவே அந்த மகனுக்கு என் மறுமொழி இது. மணவாளன் நாளையே வருவார் என்று நீங்கள் நம்பினால், நம்புங்கள். அதில் தலையிட எனக்கு உரிமையில்லை. ஆனால் மாப்பிள்ளை வரும் வீட்டைக் கூரை ஒழுக விட்டு எவரும் காத்திருப்பதில்லை. வெள்ளையடித்துப் பந்தல் போட்டு வைப்பதே நம் வழக்கம். அம்மாவின் பணிக்கொடைக்கான மனுவில் கையெழுத்திடுவதும் தீவட்டிக்கு எண்ணெய் வார்ப்பதுதான்.

இறையியல், நாட்டார் வழக்காற்றியல், தோட்டத் தொழிலாளர் வரலாறு ஆகிய துறைகளில் ஆய்வு செய்யும் நண்பர்கள் இக்கருத்தோடு முரண்படலாம். 'எதிர்கொள்ளல்' பற்றிய என் வாசிப்பில் பிழை கண்டால் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்வேன். மூதாட்டியின் கேள்வியை மட்டும் யாரேனும் மறுத்துக் காட்டுவார்களா என்று காத்திருக்கிறேன். ஆக்கி வைத்த சோற்றை யார் உண்பது?